முதலில் தண்ணீர்

நாற்பதைத் தாண்டியவனைப் பார்த்தால் ஊரில் எல்லோருக்கும் அறிவுரை சொல்லத் தோன்றும். டாக்டர் நடக்கச் சொல்கிறார். மச்சினன் மியூச்சுவல் ஃபண்ட் போடச் சொல்கிறான். வீட்டிலோ, 'எப்பப் பார்த்தாலும் செல்போனையே நோண்டிக்கிட்டு... உருப்படியா ஒரு பொழுதுபோக்கு வெச்சுக்கக் கூடாதா?' சிலர் மாடித்தோட்டம் போடுகிறார்கள். சிலர் கீபோர்டு வாங்கி, இரண்டே மாதத்தில் அதன் மேல் துணி காயப்போடுகிறார்கள்.

நான் கல் தேய்க்கிறேன்.

ஆபீஸில் இதைச் சொன்னவுடன் வந்த முதல் கேள்வி, 'சார், எனக்கு எந்தக் கல் ராசி?' என்பதுதான். மன்னிக்கவும். சனி பெயர்ச்சிக்கும் நான் சொல்லப்போவதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இது கரடுமுரடான ஒரு கல்லை எடுத்து, அறுத்து, தேய்த்து, வழவழவென்று பளபளக்க வைக்கிற வேலை. உங்களில் யாருக்காவது ஆசை வந்து ஆரம்பிக்கப் போகிறீர்கள் என்றால், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன என்பதைச் சொல்லத்தான் இந்த வாரம்.

வைரம், மாணிக்கம், நீலம், மரகதம் இந்த நான்குக்கும் உலக மார்க்கெட்டில் தனி மரியாதை. மற்றதெல்லாம் 'செமி பிரஷியஸ்'. இந்தப் பிரிவினையைச் செய்தது பூமி அல்ல, வியாபாரி. நான் பி.காம். படித்தவன் என்பதால் இதை உடனே புரிந்துகொண்டேன். செவ்வந்திக்கல், அகேட், சூதுபவளம், சந்திரகாந்தக் கல் என்கிற மூன்ஸ்டோன், கார்னெட், ஸ்படிகம் எல்லாம் இந்த இரண்டாம் வகுப்புப் பெட்டியில்தான் பயணம் செய்கின்றன. ஆரம்பிக்கிறவனுக்கு அதுதான் நல்லது. கையில் உடைந்தால் நெஞ்சு உடையாது.

எனக்கு இந்த ஆசை புதிதல்ல. நான் வளர்ந்தது திருச்சியில். எங்கள் தெருவில் மூன்று வீடு தள்ளி ஒரு பட்டறை. செயற்கை வைரத்துக்குப் பட்டை தீட்டுவார்கள். 'அமெரிக்கன் டைமண்ட்' என்பீர்களே, அதுதான். பெயர்தான் அமெரிக்கன், அதைப் பெரிய அளவில் உருக்கி வளர்க்கும் முறையை எழுபதுகளில் கண்டுபிடித்தவர்கள் சோவியத் விஞ்ஞானிகள், மூக்குத்தியாகிற பக்குவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் எங்கள் தெரு அண்ணன்களும் அக்காக்களும். திருச்சியிலும் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இதை நம்பி இருந்தன. சீனாவிலிருந்து மெஷினில் தீட்டிய கற்கள் வந்து இறங்கிய பிறகு ஒவ்வொரு பட்டறையாக மூடியது. எங்கள் தெருப் பட்டறை இருந்த இடத்தில் இப்போது ஜெராக்ஸ் கடை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது ஜன்னல் வழியாகக் கேட்ட அந்த 'உய்ய்ய்' சத்தம் மட்டும் காதில் தங்கிவிட்டது.

பத்திரிகை வேலையாகக் கொடுமணல் போன போதுதான் அந்தச் சத்தத்தை மறுபடி கேட்டேன்.

கொடுமணல் ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரையில் இருக்கிற ஊர். பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருவது இதுதான் என்கிறார்கள் அறிஞர்கள். 1985-லிருந்து தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் இங்கே தோண்டினார்கள். பிறகு புதுவைப் பல்கலைக்கழகம், தமிழகத் தொல்லியல் துறை என்று தொடர்ந்தது. கிடைத்தது வெறும் மணிகள் அல்ல. அறுக்காத கல், பாதி தேய்த்த கல், துளை போடும்போது உடைந்த கல், முழுசாய் முடித்த மணி என்று தொழிலின் எல்லாக் கட்டங்களும் மண்ணுக்குள் இருந்தன. அதாவது, இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒரு 'பட்டறை'. பெரில், ஸ்படிகம், நீலக்கல், சூதுபவளம் எல்லாம் அங்கே கையாளப்பட்டிருக்கின்றன.

ரோமாபுரி எழுத்தாளர் பிளினி, உலகத்தின் பெரில் கற்களுக்குப் பிறப்பிடம் இந்தியா, வேறெங்கும் கிடைப்பது அபூர்வம் என்று கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கல்லை ஆறு பட்டையாகத் தீட்டுகிறார்கள், இல்லாவிட்டால் நிறம் மங்கிக் கிடக்கும், பட்டை முனைகளில் பட்டுத் திரும்பும் ஒளியால்தான் உயிர் வருகிறது என்றும் எழுதியிருக்கிறார். ஒரு வெளிநாட்டு ஆசாமிக்குத் தொழில் நுணுக்கம் இவ்வளவு தெரிந்திருக்கிறது! பெரில் என்ற சொல்லே பிராகிருதத்து 'வேளுரிய'விலிருந்து கிரேக்கம் போனது. அங்கிருந்து ஜெர்மனிக்குப் போய், மூக்குக் கண்ணாடிக்கு 'பிரில்ல' என்று பெயராகியிருக்கிறது. ஆரம்ப காலத்தில் அந்தக் கல்லில்தான் லென்ஸ் தேய்த்தார்களாம்.

சரி, கதைக்கு வருகிறேன். கொடுமணலுக்குத் தெற்கே கொஞ்ச தூரம் போனால் காங்கேயம். காளைக்குப் பெயர் போன ஊர். எண்ணெய் மில்லுக்கும் பெயர் போன ஊர். கல்லுக்கும் பெயர் போன ஊர் என்பது வெளியூர்க்காரர்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. காங்கேயத்திலிருந்து கரூர் வரை அந்தச் செம்மண் காட்டுக்குள் அக்வாமரின், மூன்ஸ்டோன், கார்னெட் என்று என்னென்னவோ கிடக்கிறது. பக்கத்துப் படியூரில் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் சுரங்கம் தோண்டி அக்வாமரின் எடுத்திருக்கிறார்கள். இன்றைக்கும் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில் உழுத காட்டுக்குள் தலையைக் குனிந்தபடி நடக்கிறவர்களைப் பார்த்தால், காசைத் தொலைத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள்.

அங்கேதான் அவரைப் பார்த்தேன். அறுபதைத் தாண்டியவர். வீட்டுத் திண்ணையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் இரண்டு மோட்டார், நாலைந்து சக்கரம், சுவரெல்லாம் சாம்பல் நிறத்தில் தெறித்த சேறு. நான் வாசலில் நின்று, "கத்துக்கணும்ங்ணா" என்றேன். அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"பேப்பர்ல போடறதுக்குங்களா, இல்ல நெசமாவேங்களா?"

"நெசமாத்தான்."

எழுந்து உள்ளே போனார். மோட்டார் சுவிட்சைப் போடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் போய் நின்றது, ஆணியில் மாட்டியிருந்த ஒரு பழைய குளுக்கோஸ் பாட்டிலுக்குப் பக்கத்தில். ஆஸ்பத்திரியில் நரம்பில் ஏற்றுவார்களே, அதே பாட்டில், அதே ட்யூப். ட்யூப்பின் நுனி சக்கரத்தின் மேல் வந்து நின்றது. சின்ன உருளையைத் தள்ளினார். சொட்டு... சொட்டு... சொட்டு.

"தம்பி, மொதல்ல தண்ணி. அப்பறந்தான் கரண்டு. நிறுத்தறப்ப மொதல்ல கரண்டு, அப்பறந்தான் தண்ணி. இத மறக்காதவிய மட்டும் எங்கிட்டக் கத்துக்கலாமுங்க."

அவ்வளவுதான் முதல் பாடம். அன்றைக்குக் கல்லையே தொட விடவில்லை.

இரண்டாம் நாள் தொட விட்டார். ஆனால் தேய்க்க அல்ல, கீற. கையில் ஒரு உடைந்த ஜன்னல் கண்ணாடியைக் கொடுத்து, "கீறிப் பாருங்க" என்றார். கண்ணாடியைக் கீறாத கல் பட்டை தீட்ட லாயக்கில்லை என்று பொதுவாக வைத்துக்கொள்ளலாம். 1812-ல் மோஸ் என்கிற ஜெர்மானியர் போட்ட கணக்கு இது. எது எதைக் கீறும் என்று வரிசைப்படுத்தி ஒன்று முதல் பத்து வரை மார்க் போட்டார். பத்து வாங்கியது வைரம். ஒன்பது, மாணிக்கமும் நீலமும் சேர்ந்த குருந்தம். ஸ்படிகம், அகேட், செவ்வந்திக்கல் எல்லாம் குவார்ட்ஸ் ஜாதி. ஏழு, அல்லது ஏழை ஒட்டி. மூன்ஸ்டோன் ஆறு, ஆறரை. ஜன்னல் கண்ணாடி ஐந்தரை. நம் ஊர்த் தெருப் புழுதியில் குவார்ட்ஸ் தூள் தாராளமாக இருக்கிறது. ஆகவே ஏழுக்குக் கீழே மார்க் வாங்கிய கல்லை மோதிரத்தில் போட்டால், தினம் புழுதி துடைத்துத் துடைத்தே மெருகு போய்விடும்.

இங்கே ஒரு சின்னப் பெருமை. 'கொரண்டம்' என்று உலகமே சொல்கிறதே, அது நம்முடைய 'குருந்தம்'தான். வைரச் சக்கரம் வருவதற்கு முன்னால் நம் ஆட்கள் குருந்தத்தைப் பொடி செய்து, அரக்கோடு குழைத்து, வட்டமாக வார்த்து, வில்லால் சுழற்றிச் சாணை பிடித்தார்கள். இப்போது வைரத்தூள் ஒட்டிய சக்கரம். அதற்கு முன்பு சிலிக்கன் கார்பைடு. சாணைச் சக்கரம் செய்கிற பெரிய தொழிற்சாலை ஒன்று நம் திருவொற்றியூரிலேயே இருக்கிறது.

இனி, 'எதில் ஆரம்பிப்பது?' என்கிற கேள்வி. மூன்று வழி உண்டு. ரொம்ப சுலபமானது உருட்டுப் பீப்பாய். ஒரு சின்ன டப்பாவில் முக்கால்வாசிக்குக் கல்லைப் போட்டு, சொரசொரப்பான தூளும் தண்ணீரும் ஊற்றி, மோட்டாரில் ராப்பகலாக உருட்ட வேண்டியது. ஒரு வாரம் கழித்துக் கழுவி, இன்னும் நைசான தூள். மறுபடி ஒரு வாரம். நாலு கட்டம், ஏறக்குறைய ஒரு மாதம். காவிரி ஆயிரம் வருஷம் செய்கிற வேலையை முப்பது நாளில் முடிக்கிறோம். நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம். ராத்திரி கடகடவென்று சத்தம் வரும்போது பக்கத்து ஃப்ளாட்காரரிடம் சமாளிக்கத் தெரிந்தால் போதும்.

கடினமானது, பட்டை பட்டையாக முகம் வைப்பது. அதில் கோணக் கணக்கு உண்டு. குவார்ட்ஸாக இருந்தால் அடிப்பக்கப் பட்டைகள் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று டிகிரியில் இருக்க வேண்டும். நாற்பதுக்குக் கீழே இறங்கினால் மேலிருந்து உள்ளே போன வெளிச்சம் திரும்பி வராமல் அடிவழியாக ஒழுகிவிடும். கல்லுக்கு நடுவில் ஜன்னல் திறந்த மாதிரி வெறிச்சென்று இருக்கும். அதற்கென்று டிகிரி போட்ட மெஷின் வேண்டும், ஏகப்பட்ட பொறுமை வேண்டும். அது அடுத்த ஜென்மத்துக்கு.

நடுவில் இருக்கிறதுதான் எனக்குப் பிடித்தது. கபோஷான் என்பார்கள். பட்டை கிடையாது. அடி தட்டை, மேல் குவிவு. பாதி முட்டையைக் கவிழ்த்த மாதிரி. நம் ஊரில் பல தலைமுறைக்கு முன் செய்த நகைகளைப் பாருங்கள். சிவப்புக் கல் எல்லாம் இப்படித்தான் மொழுக்கென்று இருக்கும்.

என் முதல் கல், மூன்ஸ்டோன். பார்த்தால் அழுக்கு உப்புக்கல் மாதிரி இருக்கும். அதை அவர் கையில் வாங்கி, தண்ணீரில் முக்கி, தொங்கிக்கொண்டிருந்த ஒற்றை பல்புக்குக் கீழே பிடித்துத் திருப்பினார். திருப்பினார்... திருப்பிக்கொண்டே இருந்தார். பத்து நிமிஷம் இருக்கும். எனக்குப் பொறுமை போய்விட்டது. 'என்னங்ணா பாக்கறீங்க?' என்று கேட்க வாயெடுத்தபோது, சட்டென்று கல்லுக்குள்ளிருந்து நீலமும் வெள்ளையுமாக ஒரு ஒளி நீந்திப் போனது. இன்னும் அரை அங்குலம் திருப்பினால் காணவில்லை.

அந்த ஒளி கல்லின் மேலே இல்லை, உள்ளே. இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பார் தாதுக்கள் மெல்லிய ஏடு ஏடாக மாறி மாறி அடுக்கியிருப்பதால், வெளிச்சம் அந்த ஏடுகளில் பட்டுச் சிதறுகிறது. அந்த ஏடுகள் எப்படிப் படுத்திருக்கின்றனவோ, அதற்கு இணையாக அடிப்பக்கத்தை அறுக்க வேண்டும். அப்படி அறுத்தால் நிலா நட்டநடு உச்சியில் வந்து நிற்கும். தப்பான பக்கத்தில் அறுத்தால் எத்தனை மெருகு போட்டாலும் நிலா வராது, அல்லது ஓரத்தில் எங்கேயோ ஒளிந்து நிற்கும். "அறுக்கறது அரை மணி நேரம். பாக்கறது ஒரு நாள்" என்றார். பென்சிலால் கோடு போட்டார். தண்ணீரில் பென்சில் அழியும் என்பதால் அலுமினியக் கம்பியால் அதன் மேலேயே இன்னொரு கோடு.

பிறகு வரிசையாக நடக்கிற வேலை. அறுத்த துண்டைக் குச்சியின் நுனியில் அரக்கைச் சூடாக்கி ஒட்ட வேண்டும். மூன்ஸ்டோனுக்குச் சூடு ஆகாது. ஒரேயடியாகக் காய்ச்சினால் உள்ளுக்குள்ளேயே விரிசல் விடும். ஆகவே கல்லையும் மெதுவாக வெதுவெதுப்பாக்கி ஒட்டுவார். பிறகு 80 நம்பர் சக்கரத்தில் ஓரத்தைச் சாய்வாகத் தேய்ப்பது. அந்தச் சாய்வுக்கு மேல் இன்னொரு சாய்வு. அதற்கு மேல் இன்னொன்று. கடைசியில் மேடுகளை மட்டும் தட்டிவிட்டால் குவிவு தானாக வந்துவிடும். ஆரம்பத்திலேயே உருண்டையாகத் தேய்க்கப் பார்க்கிறவர்களுக்கு உச்சி தட்டையாகிவிடும். இதை அவர் நாலு தடவை சொன்னார். 80-க்கு அப்புறம் 220, 600, 1200, 3000. கடைசியில் தோல் அல்லது ஃபெல்ட் துணிச் சக்கரத்தில் சீரியம் ஆக்ஸைடு குழம்பைத் தடவிப் பளபளப்பு.

இந்த நம்பர் வரிசையில்தான் எல்லோரும் ஏமாறுகிற இடம் இருக்கிறது. 220-இல் தேய்த்த கல்லைத் தண்ணீரோடு எடுத்துப் பாருங்கள். அடடா, முடிந்துவிட்டது என்று தோன்றும். அவ்வளவு மினுமினுப்பு. துடைத்துக் காயவிடுங்கள். உடம்பெல்லாம் கீறல். தண்ணீர் கீறலுக்குள் புகுந்து அதை நிரப்பிவிடுவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. 80-இல் விழுந்த ஒரு கீறலை 220-இல் எடுக்காமல் விட்டுவிட்டால், 3000-த்துக்குப் போன பிறகு அது தனியாக நின்று பல்லைக் காட்டும். மறுபடி பழைய சக்கரத்துக்கே திரும்ப வேண்டியதுதான். "ஈரக் கல்லு பொய் சொல்லுமுங்க. தேய்க்கறப்ப ஈரம் வேணும், பாக்கறப்ப காய்ஞ்சிருக்கோணும்" என்பார். ஒவ்வொரு சக்கரத்துக்கும் இடையில் அவர் கல்லைத் துண்டால் ஒற்றி, வாயால் ஊதி, பல்புக்குக் கீழே சாய்த்துப் பார்க்கிற நேரம், தேய்க்கிற நேரத்தைவிட அதிகம்.

காஸ்ட் அக்கவுண்டிங் படித்த பாவத்துக்கு ஒரு கணக்கும் போட்டுப் பார்த்தேன். எடைக்கு வாங்கிய 'ரஃப்' கல்லில் பாதிக்கு மேல் சேறாகப் போய்விடுகிறது. பழுது, விரிசல், நிலா சரியாக விழாதது எல்லாம் தள்ளினால் மிச்சம் இன்னும் குறைச்சல். சக்கரத்தின் தேய்மானம், கரண்டு, அரக்கு. ஒரு கல்லுக்கு நான் செலவிட்ட நேரத்துக்கு என் சம்பளக் கணக்கில் விலை போட்டால், நவரத்தின மாலையே வாங்கிவிடலாம். ஆகவே, 'இதில் வருமானம் வருமா?' என்று கேட்கிறவர்கள் மச்சினன் சொன்ன மியூச்சுவல் ஃபண்டுக்கே போய்விடுவது உத்தமம்.

மூன்றாவது தடவை போனபோதுதான் அவரிடம் கேட்டேன். "ஏங்ணா, தண்ணி தண்ணின்னு இப்படி அடிச்சுக்கறீங்க?" கல் சூடாகி வெடிக்காமல் இருக்க என்று பதில் வரும் என எதிர்பார்த்தேன். அது உண்மைதான். தண்ணீர் இல்லாமல் தேய்த்தால் ஒரு நிமிஷத்தில் கல் கொதிக்கும், அரக்கு இளகி, கல் பறக்கும்.

அவர் கொட்டகைக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கண்ணன் வெங்கச்சங்கல்லு மில்லுல இருந்தாருங்க."

வெங்கச்சங்கல் என்றால் வெள்ளை குவார்ட்ஸ். கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் அதை மாவாக அரைத்து அனுப்புவார்கள். அண்ணன் பதினேழு வயதில் அந்த மில்லில் சேர்ந்தார். தண்ணீர் கிடையாது, மாவு காய்ந்துதானே இருக்க வேண்டும்? சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவம், மீசை எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கும். அம்மா வாசலிலேயே நிறுத்தித் துண்டால் தட்டிவிட்டு உள்ளே விடுவாராம். முப்பது வயதில் இருமல். பிறகு மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏற முடியவில்லை, பிறகு திண்ணைப்படியே ஏற முடியவில்லை. டி.பி. என்று மாத்திரை கொடுத்தார்கள். முழு கோர்ஸ் முடித்தார். குறையவில்லை. மறுபடி ஒரு கோர்ஸ். முப்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார்.

எக்ஸ்ரே கவரை அவர் இன்னும் வைத்திருக்கிறார். பீரோவின் மேல்தட்டில், கல்யாணப் பத்திரிகைகளோடு.

அந்த நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர். கல்லில் இருக்கிற சிலிக்கா நுண்தூளாகி நுரையீரலுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடம்பு அதைக் கரைக்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல், சுற்றித் தழும்பு தழும்பாகக் கட்டிவிடுகிறது. தழும்பில் காற்று புகாது. போன நுரையீரல் திரும்பாது. குணப்படுத்த மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் தழும்பு வளர்வது உண்டு. இந்த நோய் வந்தவர்களுக்கு டி.பி.யும் சுலபமாகத் தொற்றும் என்பதால், எது முதலில் வந்தது என்பதே பல பேருக்குத் தெரியாமல் போய்விடுகிறது. இறப்புக் காகிதத்தில் டி.பி. என்று எழுதிவிட்டால் அதோடு சரி. தொழிலால் வந்த நோய் என்று நிரூபிக்க ஒன்றும் மிஞ்சாது. 1948-ல் போட்ட தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் வைத்திருந்தார்கள். அண்ணன் விஷயத்தில் யாரும் யாருக்கும் தெரிவிக்கவில்லை.

நான் சென்னை திரும்பிப் படிக்க ஆரம்பித்தேன். குஜராத்தில் கம்பாத் என்று ஒரு ஊர். நாம் கடைவீதியில் வாங்குகிற அகேட் மாலை, சிவப்பு மணி இவற்றில் பல அங்கிருந்து வருகிறவை. அகேட் கல்லைப் பானையில் அடுக்கி மூட்டத்தில் சுட்டால் உள்ளே இருக்கிற இரும்புச்சத்து சிவந்து சூதுபவளமாகும். தரையில் சாய்வாக நட்ட இரும்புக் கம்பியில் கல்லை வைத்து, எருமைக் கொம்புச் சுத்தியலால் தட்டித் தட்டி மணியாக்குவார்கள். அவ்வளவு பழைய, அவ்வளவு அழகான கைத்தொழில். பிற்பாடு கரண்டு வந்தது, எமரிச் சக்கரம் வந்தது. வீட்டு வாசலிலேயே சக்கரம், தண்ணீர் இல்லாத தேய்ப்பு. ஆமதாபாத்தில் இருக்கிற தேசிய தொழில்சார் சுகாதார நிறுவனம் எண்பதுகளின் கடைசியிலிருந்து அங்கே ஆராய்ச்சி செய்து, தேய்க்கிறவர்களிடையே சிலிக்கோசிஸ் பரவலாக இருப்பதைப் பதிவு செய்தது. சக்கரத்தையே தொடாமல், பக்கத்தில் வசித்த பாவத்துக்கு நோய் வந்தவர்களும் உண்டு. வீட்டுப் பட்டறைக்கு முதலாளி யார், யாரிடம் நஷ்டஈடு கேட்பது? கல்லைக் கொடுத்து, மணியை வாங்கிக்கொண்டு போகிறவர் 'நான் வெறும் வியாபாரி' என்பார்.

நான் படித்த லாப நஷ்டக் கணக்கில் எந்தத் தலைப்பின் கீழும் இது வராது. தேய்மானம் என்றால் மெஷினுக்கு மட்டும்தான்.

ஆகவே ஆரம்பிக்கப் போகிறவர்களுக்கு நான் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். கண்ணுக்குத் தெரிகிற தூளைப் பற்றி ரொம்பக் கவலை வேண்டாம். அது மூக்கிலேயே நின்றுவிடும். சாதாரணமாகக் கண்ணுக்குப் படாத தூள்தான் ஆபத்து. நம் தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவானது. அது ஆழத்துக்குப் போகும். கைக்குட்டை, துப்பட்டா எதுவும் அதைத் தடுக்காது. தண்ணீர்தான் அதைக் காற்றில் பறக்கவிடாமல் அங்கேயே சேறாக்கிப் பிடிக்கிறது. அப்போதும் சக்கரம் சுற்றுகிற வேகத்தில் பனி மாதிரித் தெறிக்கும். அதிலும் தூள் இருக்கிறது. ஆகவே தண்ணீருக்கு மேல் ஒரு என்-95 மாஸ்க். கொரோனாவில் வாங்கி மிச்சம் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் தெறித்த சேறு காய்வதற்குள் ஈரத்துணியால் துடைத்துவிட வேண்டும். காய்ந்த பிறகு விளக்குமாற்றால் பெருக்கினால், நாள் முழுக்கத் தண்ணீர் விட்டதெல்லாம் வீண். அதே பழைய தூள், காற்றில். வேலைச் சட்டையை வீட்டுத் துணிகளோடு போடாதீர்கள். கொட்டகையிலேயே கழற்றி நனைத்துவிடுங்கள். சேற்றைப் பாத்ரூம் சிங்க்கில் ஊற்றினால் குழாயில் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். வாளியில் தெளியவிட்டு, மேல் தண்ணீரை மட்டும் ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதை ஈரத்தோடு கட்டிப் போடுவதுதான் வழி. தண்ணீரும் மோட்டாரும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, கசிவு வந்தால் தானே விழுகிற சுவிட்ச் ஒன்றும் போட்டுவிடுங்கள். பச்சைப் பச்சையாக மாலகைட் என்று ஒரு கல் ஆசை காட்டும். அது செம்புத் தாது, தூள் விஷம். அனுபவசாலிகளுக்கு விட்டுவிடுங்கள்.

இணையத்தில் பாருங்கள், ஆங்கிள் கிரைண்டரை வைத்துக்கொண்டு வெறுங்கையோடு, வெறும் மூக்கோடு, தூள் மேகமாகப் பறக்கக் கல் தேய்க்கிற வீடியோக்களை. பின்னணியில் இசை வேறு. லட்சக்கணக்கில் லைக். எனக்கு இப்போது அதைப் பார்க்க முடிவதில்லை.

என் பட்டறை இப்போது எங்கள் ஃப்ளாட்டின் சர்வீஸ் பால்கனியில் இருக்கிறது. பழைய மோட்டார் ஒன்று, மூன்று சக்கரம், ஆணியில் ஒரு குளுக்கோஸ் பாட்டில். தண்ணீர் லாரிக்கு அசோசியேஷன் வசூலிக்கிற மாதங்களில் கல்லுக்கு லீவு. வீட்டில் கல்லைப் பற்றிப் புகார் இல்லை, வாளியைப் பற்றித்தான்.

போன மாதம் ஒரு மூன்ஸ்டோனை முடித்து, பார்சலில் காங்கேயத்துக்கு அனுப்பிவைத்தேன். நிலா உச்சியில் இல்லை. ஒரு நூல் தள்ளி நிற்கிறது. மூன்று நாள் கழித்துப் போன் வந்தது.

"கல்லு வந்துச்சுங்க தம்பி. காய வெச்சுத்தான் பாத்தனுங்க. கீறல் இல்லீங்க" என்றார். ஒரு இடைவெளி. பிறகு, "இருமல் கிருமல் ஒண்ணும் இல்லீங்களே?"

"இல்லீங்ணா."

"வருசத்துக்கு ஒருக்கா எக்ஸ்ரே எடுத்துப் போடுங்க. தேதி எழுதி வெச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்து எந்தக் கல் எடுக்கலாம் என்று பேச ஆரம்பித்தார்.